சுகர் மாத்திரையில் ஏறும் எடை: வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு

நீண்ட காலம் எடுக்கும்போது எடையை ஏற்றும் சுகர் மருந்துகள் முக்கியமாக மூன்று: கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், இன்சுலின், பயோகிளிட்டசோன். மெட்ஃபார்மினும் சிட்டாகிளிப்டினும் ஏற்றுவதில்லை. டபாகிளிஃப்ளோசின் சற்று இறக்கும்.

ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். நாளுக்கு 70 கிராம் போனால் 280 கலோரி, சுமார் நாலு இட்லி. இன்சுலின் பிடித்ததும் அந்த நாலு இட்லி உடம்பிலேயே தங்கும். சாப்பாடு மாறாமலே எடை கூடுவது இப்படித்தான். இளைத்த உடம்பு தேறுவதும் இதில் சேர்த்தி, பயப்பட வேண்டாம். 1998ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வான யுகேபிடிஎஸ்ஸில், 10 வருஷத்தில் இன்சுலின் போட்டவர்களுக்கு, முக்கியமாகப் பத்தியத்தில் வைக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக 4 கிலோதான் கூடியது.

அதற்கு மேல் ஏறினால் முதலில் லோ சுகரைச் சந்தேகிக்க வேண்டும். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் சரிவில் ஏறி இறங்கும் வேலை கூடும், கிளிமிபிரைடு அளவு மட்டும் அப்படியே இருக்கும். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பசி அடங்காது. சேலத்துக் கடைவீதியில் இதே நடுக்கத்துக்குக் கைக்குக் கிடைப்பது இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவல் வைத்த தட்டுவடை செட். எண்ணெயில் பொரித்தது என்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நடுக்கம் நிற்கவில்லையே என்று இரண்டாவது செட்டும் உள்ளே போகும். தேவை வெறும் 60 கலோரி: மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் பொறுத்து, மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் மட்டும் இரண்டு பிஸ்கட். வாரத்தில் இரண்டு தடவை இப்படி வந்தால் டோஸ் அதிகம் என்று அர்த்தம். தின்று தின்று சமாளிக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள்.

பயோகிளிட்டசோன் கொழுப்போடு நீரையும் சேர்க்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் நீர்தான். ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறி, படுத்தால் மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையே ஆகாது.

எடையை வாரம் ஒருமுறை, அதே மெஷினில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் லோ சுகர் வந்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எடைக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த நோட்டை டாக்டர் முன் வைத்து, “கிளிமிபிரைடுக்குப் பதில் எடை ஏற்றாத மாத்திரை எனக்கு ஒத்துவருமா?” என்று கேளுங்கள்.