பிட்காயினை எங்கே வைப்பது: எக்ஸ்சேஞ்சிலா, சொந்த வாலட்டிலா?

புதிதாக வருகிறவர்களுக்கு, பிட்காயினை வாங்கி விற்று அங்கேயே வைத்துக்கொள்ள உதவும் நிறுவனமான எக்ஸ்சேஞ்ச்தான் சுலபம். பாஸ்வேர்டு மறந்தாலும் அடையாளத்தைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். ஆனால் காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி உங்கள் கையில் இல்லை. 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானது, அதில் காயின் வைத்திருந்தவர்களுக்குக் காயினாகத் திருப்பித் தரத் தொடங்கியதே 2024-இல்தான்.

சொந்த வாலட் நேர்மாறு, அது சாவியை உங்களிடமே வைத்திருக்கும் ஆப் அல்லது கருவி. சாவியை மீட்க அது தரும், பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களை வரிசை மாறாமல் தாளில் எழுதி வைக்க வேண்டும். போனும் அந்தத் தாளும் சேர்ந்து தொலைந்தால் யாரிடமும் முறையிட முடியாது, வேறொருவர் அதைப் படம் பிடித்துவிட்டால் அப்புறம் மொத்தமும் அவருடையது. சாதாரண மனிதர்கள் தயங்குவது இங்கேதான், அதில் தப்பே இல்லை.

என்னைக் கேட்டால், சில்லறைக்கு எக்ஸ்சேஞ்ச் போதும். தூக்கத்தைக் கெடுக்கும் தொகை என்றால் வாலட்தான், ஆனால் முதலில் சின்னத் தொகையைப் போட்டு, வாலட்டை அழித்துவிட்டு, அந்தச் சொற்களை வைத்தே மீட்டுப் பாருங்கள்.