காளான் கொட்டகையில் சாக்கு, ஃபாகர், ஏசி: எது தாக்குப்பிடித்தது?

திருச்சிப் பக்கம் சிப்பிக் காளான் போடுகிறவர்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை கவலை இல்லை. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும்தான் கொட்டகையைக் குளிரவும் ஈரமாகவும் வைக்க ஆளாளுக்கு மெஷின் விலை விசாரிப்பார்கள். நானும் விசாரித்தேன், சிலதை வாங்கியும் பல வருடங்களாகப் புழங்குகிறேன்.

கொட்டகை தென்னங்கீற்று வேய்ந்தது. தரையில் மணல், சுற்றிலும் சணல் சாக்கு. செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இன்றைக்கும் முதலிடம் இந்த மணலுக்கும் சாக்குக்கும்தான். காலையும் மாலையும் நனைத்தால் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும், கரண்டு போனாலும் பாதகமில்லை. சாக்கில் வாடை வர ஆரம்பித்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஈரத்தைத் தண்ணீரால் எப்படியும் கொண்டுவந்துவிடலாம். சூட்டைக் குறைப்பதற்குத்தான் ஒரு எல்லை இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. வெளிக்காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நனைத்தாலும் உள்ளே சுமார் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. சென்னை மாதிரிக் கடலோரத்தில் 35 டிகிரியும் 65 சதவீதமும் இருந்தால் எல்லை 29 ஆகிவிடும், அதாவது மொத்தமே ஆறு டிகிரிதான் லாபம். சிப்பிக் காளான் மொட்டு விட்டு நன்றாக விரிய 23 முதல் 25 டிகிரி வேண்டும். போதாததற்கு, காளான் வித்து பரவும் வைக்கோல் பைகள் தாமாகவும் சூடாகும். நெருக்கமாகத் தொங்கவிட்டால் பையின் நடுப்பகுதி அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

தண்ணீரைப் பனிப்புகையாகத் தெளிக்கும் ஃபாகர் வேலை செய்கிறது, ஆனால் நம் போர் தண்ணீருக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தெளிக்கும் முனையான நாசிலைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவது வாடிக்கையாகிவிட்டது. அதிர்வால் தண்ணீரைப் புகையாக்கும் அல்ட்ராசோனிக் வகை இன்னும் மோசம். தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைத் தூளாகக் காளான் மேலேயே படியும். டைமர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பதுதான் நல்லது. குடையில் நீர் தேங்கி நின்றால் பாக்டீரியா பிடித்து மஞ்சளாகிவிடும், அப்புறம் கடைக்காரர் தொடக்கூட மாட்டார்.

ஏசியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது சூட்டோடு ஈரத்தையும் உறிஞ்சி வெளியே விடுகிறது. ஒருபக்கம் ஏசி, இன்னொருபக்கம் ஃபாகர் என்று இரண்டுக்கும் பில் கட்ட வேண்டும். குளிர் தங்கட்டும் என்று கதவைச் சாத்தி வைத்தால் கரியமிலவாயு சேர்ந்து தண்டு நீளும், குடை சிறுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை விடிகாலையிலும் இரவிலும் ஓட்டுகிறேன். மத்தியானம் ஓட்டினால் அனல்தான் உள்ளே வரும்.

ஈரப்பதமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான டிஜிட்டல் கருவிகள் பனிப்புகையில் நனைந்தால் 99-லேயே நின்றுவிடுகின்றன. சந்தேகம் வந்தால் ஒரு மூடியில் கல்லுப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, கருவியோடு டப்பாவில் அடைத்து ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். அதிகம் விலகினால் தூக்கிப் போடலாம். ஒன்றில் மட்டும் ஈரத்துணி சுற்றி, இரண்டின் வித்தியாசத்தை வைத்து ஈரப்பதம் பார்க்கும் பழைய இரட்டை வெப்பமானி என்னிடம் இன்னும் பொய் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கோடைக்கு மெஷின் வாங்காமல் பயிரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் நம் சூட்டுக்கென்றே வந்தது மாதிரி. பையைப் பாதியாக வெட்டி, அவித்த கரம்பை மண்ணை மேலே பரப்பும் வேலை கூடுதல்தான். ஆனால் சித்திரை வெயிலிலும் மொட்டு வருகிறது, பறித்த பிறகு சிப்பியைவிட அதிக நாள் வாடாமல் இருக்கிறது. வாங்குகிறவர்களுக்குப் பழக்கப்படுத்தத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் மறுபடி சிப்பி. அதற்கு முன் பைகளை எல்லாம் அப்புறப்படுத்தி, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, கொட்டகையை ஒரு வாரம் காயப்போட்டு விடுவேன். இல்லாவிட்டால் பழைய பச்சைப் பூஞ்சை புதுப் பைகளில் ஏறிக்கொள்ளும்.