பழைய அமைப்பைக் காட்டும் கருவிகளும் காட்டாததும்: டிபீவர், டேட்டாகிரிப், பிஎஸ்கியூஎல்

அட்டன் பக்கத்துத் தோட்டக் காரியாலயம் ஒன்றிலிருந்து கொழும்பிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சேவையகத்தோடு வேலை செய்பவர், கொழுந்து நிறை அட்டவணையில் புதிதாகச் சேர்த்த ‘ஈரக்கழிவு’ நிரலை (column) தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னரே திறந்திருந்த டிபீவர் என்ற தரவுத்தள மென்பொருளின் பக்கப் பட்டியலில் அது தென்படாமல் போகலாம். ஒருமுறை வாசித்த அட்டவணை அமைப்பை அந்த மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டு, நாம் கேட்கும் வரை மீண்டும் வாசிக்காமல் இருப்பதே காரணம். அட்டவணையின் மேல் எஃப்5 அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதே வகை மென்பொருளான டேட்டாகிரிப் அந்த அமைப்பை நமது கணினியின் வட்டிலேயே சேமித்து வைப்பதால், மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோனாலும் நிரற்பெயர்களைத் தடையின்றி நிரப்பித் தருகிறது. மலையகத்தில் இது பெரிய வசதி. அதற்குள் நாமே செய்யும் மாற்றத்தை அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றாலும், கொழும்பில் இன்னொருவர் செய்த மாற்றத்தை நாம் புதுப்பிக்கச் சொல்லும் வரை அறியாமல் இருக்கக்கூடும். புதுப்பித்தும் பழையதே நின்றால், சேமித்த அமைப்பை மறக்கச் செய்யும் கட்டளையும் அதில் உண்டு.

போஸ்ட்கிரெஸுடன் வரும் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல் (psql) இவ்விரண்டுக்கும் நேரெதிரானது. அட்டவணையின் அமைப்பைக் காட்டும் ‘\டி’ (\d) கட்டளையும், டாப் விசையால் பெயர் நிரப்புவதும் ஒவ்வொரு முறையும் சேவையகத்தின் பட்டியலையே கேட்கின்றன. மெதுவான இணைப்பில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் காத்திருக்க நேர்ந்தாலும், அது காட்டுவது அந்த நேரத்து உண்மை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் கட்டளைக் கருவி அப்படியல்ல: தொடக்கத்தில் பெயர்களை வாசித்து வைத்துக்கொள்ளும், அதே தரவுத்தளத்தில் தொடரும் வரை, ‘ரீஹாஷ்’ (rehash) என்றால்தான் மீண்டும் வாசிக்கும்.

எந்தக் கருவியானாலும், எழுதிய வினவல் (query) சேவையகத்திலேயே சரிபார்க்கப்படுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கருவி சிவப்புக் கோடிட்ட பெயரையும் துணிந்து இயக்கிப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் 42703 என்ற பிழையைத் தந்தால் மட்டுமே, நாம் கேட்ட அட்டவணையில் அந்த நிரல் இல்லை என்று கொள்ளலாம்.

அன்றாட வேலைக்கு நான் டேட்டாகிரிப்பையே தெரிவு செய்வேன். ஆயினும் சம்பளக் கணக்கைத் தொடும் எதையும், “அந்த நிரல் இல்லையே” என்று கொழும்புக்கு அழைப்பெடுக்கும் முன், பிஎஸ்கியூஎல்லில் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். அங்கும் காணாவிட்டால், அதே பெயருள்ள அட்டவணை வேறொரு ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் தொகுதி) இருக்கிறதா என்றும், எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்று சொல்லும் தேடற்பாதை (search_path) எதைச் சுட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும்.