பவர் சிஸ்டம்ஸா, பவர் எலக்ட்ரானிக்ஸா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் மாரிகுப்பம் ரயிலில் வந்து கே.ஆர்.புரத்தில் இறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ட்ரிபிள்ஈ முடித்திருக்கிறாள். எம்.டெக். சேர இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்றில் பவர் சிஸ்டம்ஸ், இன்னொன்றில் பவர் எலக்ட்ரானிக்ஸ். "மாமா, நீங்களே சொல்லுங்க, எதுல சேரட்டும்?" என்றாள். அதற்குள் தங்கவயலிலிருந்து அக்காவின் போன்: "தம்பி, ரெண்டும் வேண்டாம், பேசாம சாஃப்ட்வேருக்குப் போகச் சொல்லு."

நான் 2010-ல் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு பவர் சிஸ்டம்ஸ் படிக்கப் போனவன். அன்றிலிருந்து, பழுது வந்தால் லைனைத் துண்டிக்கும் ரிலே என்ற கருவிகளைச் செட் செய்யும் சப்ஸ்டேஷன் ப்ரொடெக்‌ஷன்தான் சோறு போடுகிறது. அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அக்கா சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேரில்தான் அதிகம். நான் மாறியபோது, விட்ட சம்பளத்தில் முக்கால் பங்குதான் கிடைத்தது. அதை எட்டிப் பிடிக்க நான்கு வருடம் ஆனது. பெண்ணுக்கு அதில் ஆசை இல்லை என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு சரி.

இரண்டும் என்னென்ன என்பதும் அவளுக்குத் தெரியும். பவர் சிஸ்டம்ஸ் என்றால் கிரிட்: உற்பத்தி நிலையம், லைன், டிரான்ஸ்ஃபார்மர், சப்ஸ்டேஷன் எல்லாவற்றையும் ஒரே உடம்பாகப் பார்ப்பது. லோடு ஃப்ளோ, ஷார்ட் சர்க்யூட் கணக்கு, ரிலே செட்டிங், ஸ்டெபிலிட்டி. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்றால் மின்சாரத்தின் வடிவத்தை மாற்றும் பெட்டி, அதாவது கன்வெர்ட்டர்: இன்வெர்ட்டர், சார்ஜர், மோட்டார் டிரைவ், யுபிஎஸ்.

வேலை வாய்ப்பில் பெங்களூரு இரண்டுக்குமே நல்ல ஊர்தான். கிரிட் பக்கம் ரேஸ் கோர்ஸ் அருகே, தென் மாநிலங்களின் கிரிட்டை மேற்பார்க்கும் தென்மண்டல லோடு டெஸ்பாட்ச் சென்டர் இருக்கிறது. சி.வி.ராமன் சாலையில் 1960-ல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமான சிபிஆர்ஐ இருக்கிறது. பன்னாட்டுக் கம்பெனிகளின் டிசைன் அலுவலகங்களுக்கும் குறைவில்லை. கேட் தேர்வில் மதிப்பெண் நன்றாக வந்தால் மத்திய அரசின் பவர்கிரிட் கம்பெனியும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் மின் ஸ்கூட்டர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஏதரின் தொழிற்சாலை ஓசூரில், ஓலாவினுடையது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். இன்றைய தேதிக்கு ஆள் எடுக்கும் வேகத்தில் எலக்ட்ரானிக்ஸ்தான் முந்துகிறது என்றே என் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்புறம் ஏன் நான் மறுபக்கம் சாய்கிறேன்? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. இன்று படிப்பது எத்தனை வருடத்துக்குக் காசாகும்?

என் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கத்துக்காகத்தான் 1902-ல் காவிரியில் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, சுமார் 147 கிலோமீட்டர் லைன் இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே மின் தெருவிளக்கு வந்தது 1905-ல்தான். சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். சிவனசமுத்திரம் இன்றும் கரண்ட் கொடுக்கிறது. கிரிட்டில் ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு 25 வருடம் ஆயுள் என்று போடுவார்கள், 35 தாண்டியும் முனகிக்கொண்டே ஓடும்.

என் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஆலையின் சப்ஸ்டேஷனில் பேனல் மாற்றப் போனோம். கழற்றவேண்டியவை பழைய தட்டு ரிலேக்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு இருக்கும். லைனில் கரண்ட் அளவு மீறினால் தட்டு மெதுவாகச் சுழல ஆரம்பிக்கும், மீறல் கூடக்கூட வேகம் எடுக்கும், போய் முட்டினால் ட்ரிப், அதாவது லைன் துண்டிக்கப்படும். பழைய ஆட்கள் இதை "மூணு செகண்ட் ரிலே" என்பார்கள். காரணம், செட் செய்த அளவைப்போல் பத்து மடங்கு கரண்ட் பாய்ந்தால், டைம் மல்டிப்ளையர் 1-ல் (தட்டு முழுத் தூரமும் ஓடவேண்டிய நிலை) இருக்கும்போது, ட்ரிப் ஆக ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். இரண்டு மடங்கு பாய்ந்தால் 10 விநாடி.

அதன் இடத்தில் நாங்கள் மாட்டியது திரையும் நெட்வொர்க் கேபிளும் உள்ள நியூமெரிக்கல் ரிலே. அதில் "ஸ்டாண்டர்டு இன்வர்ஸ்" என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே ஓடும் சமன்பாட்டில் 0.14 என்று ஓர் எண்ணும், 0.02 என்று ஓர் அடுக்கும் இருக்கும். அந்தச் சமன்பாடு வேறு ஒன்றுமில்லை, அந்தப் பழைய தட்டு சுழன்ற வளைவுதான். பத்து மடங்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2.97 விநாடி வரும். தட்டு போய்விட்டது, அதன் நடை மட்டும் சிலிக்கானுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தட்டைச் செட் செய்தவர் இன்று வந்தாலும், மெனுவில் எங்கே போகவேண்டும் என்று காட்டிவிட்டால் போதும், புது ரிலேயையும் செட் செய்துவிடுவார். சாஃப்ட்வேரில் நான் இரண்டு வருடம் எழுதிய எதையும் இன்று யாரும் தொடுவதில்லை. எனக்கே மறந்துவிட்டது.

பழசு வெறும் பழசாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு வட இந்தியா இருண்டதே, அன்று முதலில் விழுந்த வரிசையில் முக்கியமானது பீனா–குவாலியர் 400 கேவி லைன். அதில் பழுதே இல்லை. ஏற்கனவே பல லைன்கள் வெளியே இருந்ததால் சுமை முழுவதும் அதன் தலையில் ஏறியது. வோல்டேஜையும் கரண்ட்டையும் வைத்துப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயில், தூரத்துப் பழுதுக்கான ஸோன்-3 அந்தப் பாரத்தைத் தூரத்தில் எங்கோ ஏற்பட்ட பழுது என்று எடுத்துக்கொண்டு லைனை அறுத்துவிட்டது. மறுநாள் இன்னும் பெரிதாக விழுந்தது, 60 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. தென்னிந்திய கிரிட் அப்போது மற்றவற்றோடு ஏசி (மாறுமின்சார) லைனில் பிணைக்கப்படவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் சேர்ந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். அதனால் பெங்களூரில் எங்களுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸோன்-3 சுமையைப் பழுதாக நினைத்துவிடும் என்பது எனக்குப் பாடம் எடுத்தவரின் ஆசிரியரே நடத்தியிருக்கக்கூடிய பாடம். அந்தப் பாடம் தெரிந்தவருக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது.

பவர் எலக்ட்ரானிக்ஸில் இந்த ஆயுள் குறைவு என்று நினைக்கிறேன். வோல்டேஜைக் குறைக்கும் பக், கூட்டும் பூஸ்ட் சர்க்யூட்டின் அடிப்படை மாறாது, சரி. ஆனால் சுற்றியிருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது. சிலிக்கான் ஐஜிபிடி என்ற ஸ்விட்ச்சில் கை பழகியவர் சிலிக்கான் கார்பைடுக்குப் போகவேண்டும். அதில் ஸ்விட்ச் ஆகும் வேகமே வேறு என்பதால் போர்டு லேஅவுட், கேட் டிரைவர், இரைச்சல் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்கவேண்டும். பழகிய ஐசி தயாரிப்பை நிறுத்திவிட்டால் போர்டையே திருப்பி வரையவேண்டும். சோலார் பண்ணையில் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே நிற்கும், இன்வெர்ட்டரைப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றுவார்கள்.

இங்கே ஒரு தடுமாற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் கன்வெர்ட்டர் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவன் இல்லை. கமிஷனிங் (புதுக் கருவியைச் சோதித்து ஓடவிடும்) சமயத்தில் இன்வெர்ட்டர்க்காரர்களோடு டீ குடித்துப் பேசியதுதான் என் அனுபவம். அவர்களில் ஒருவர், "எங்களுக்கு இந்தப் புதுசுதான் ருசியே" என்றார். அப்படிப்பட்டவருக்கு என் கணக்கு பொருந்தாது. தவிர, எங்கள் கோலாருக்குப் பக்கத்திலேயே தால்ச்சர்–கோலார் எச்விடிசி (உயர் அழுத்த நேர்மின்சார இணைப்பு) இருக்கிறது. ஒடிசாவிலிருந்து 500 கேவியில் கரண்ட் கொண்டுவரும் அந்த நிலையமும் பவர் எலக்ட்ரானிக்ஸ்தான், 2003-லிருந்து தைரிஸ்டர் என்ற பழைய வகை ஸ்விட்ச்களை வைத்தே ஓடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் என்றாலே அல்பாயுசு என்று சொன்னால் அதுவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொரு சங்கடம் என் பக்கமே இருக்கிறது. பழைய ஜெனரேட்டர் பழுதின்போது தன் வழக்கமான கரண்ட்டைப்போல் பல மடங்கைக் கொட்டும். எங்கள் ரிலேக்கள் எல்லாம் அதை நம்பித்தான் எழுதப்பட்டவை. இன்வெர்ட்டர் அப்படிக் கொட்டாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 1.1, 1.2 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். பாவகடா போல 2,050 மெகாவாட் சோலார் பண்ணை பக்கத்தில் இருந்தால், பழுது நடப்பதே ரிலேக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அப்போது 0.14 உதவாது. அந்த இன்வெர்ட்டரின் கன்ட்ரோல் என்ன செய்யும் என்று புரிந்திருக்கவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நான் அதைத்தான் இப்போது இரவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக எலக்ட்ரானிக்ஸிலேயே சேர்ந்துவிடு என்று சொல்ல மனம் வரவில்லை. கிரிட் தெரிந்தவர் இன்வெர்ட்டரைப் பிறகு கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் மட்டும் தெரிந்தவருக்குக் கிரிட் பிடிபட நாளாகிறது, ஏனென்றால் அதைப் பெஞ்சில் வைத்துப் பழக முடியாது. என்றாலும் நான் பார்த்தது பத்துப் பேரைத்தான்.

சைட் வாழ்க்கையைப் பற்றியும் அவள் கேட்டாள். எங்கள் வேலையில் ஷட்டவுன் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் நமக்கு விடியல். ஞாயிறு இரவு பத்து மணிக்கு லைன் கிளியர் (அணைத்த லைனில் வேலை செய்ய அனுமதி) தருவார்கள், திங்கள் காலை ஐந்துக்குள் முடித்துத் திருப்பவேண்டும். லோடு ஓடும்போது சிடி (கரண்ட்டை அளக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியைத் திறந்துவிடக்கூடாது என்பதைத் தூக்கத்திலும் சொல்லத் தெரியவேண்டும். திறந்தால் வரும் வோல்டேஜ் ஆளைக் கொல்லும். எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஏசி அறை, கேன்டீன், மாலையில் கம்பெனி பஸ்.

பெண்களுக்கு எப்படி என்பதில் நான் வாயைத் திறக்கத் தகுதி குறைவு. பல யார்டுகளில் பெண்களுக்கென்று கழிப்பறை இல்லை. அதை நான் கவனித்ததே என் டீமில் இரண்டு பெண்கள் சேர்ந்த பிறகுதான். ஒருவர் செட்டிங் கணக்கு மேசைக்கு மாறிக்கொண்டார், அதில் இன்று என்னைவிடக் கெட்டி. இன்னொருவர் சைட்டை விடமாட்டேன் என்கிறார். அந்த இரண்டாமவரின் நம்பரை அவரைக் கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

ரிலேக்களைச் சோதிக்கும் எங்கள் டெஸ்ட் கிட்டின் பெயர் ஓமிக்ரான். 2021 டிசம்பரில் நாட்டின் முதல் ஓமிக்ரான் தொற்று கர்நாடகாவில்தான் என்று செய்தி வந்த வாரம், ஆட்டோவில் போனில் "ஓமிக்ரான் எங்கிட்டதான் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, "அந்த கிட் காலேஜ்ல இருக்குமா மாமா?" என்றாள்.

நல்ல கேள்வி. இரண்டு பாடத்திட்டத்தையும் விரித்துப் பார்த்தோம். பவர் சிஸ்டம்ஸ் கல்லூரியில் கன்வெர்ட்டர் கன்ட்ரோல் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது, அதை எடுத்தே ஆகவேண்டும் என்று கோடு போட்டேன். சேருவதற்கு முன் துறையில் கேட்கவேண்டியவை என்று இரண்டை எழுதிக்கொண்டாள். பிஎஸ்கேட் (கிரிட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர்) லைசென்ஸ் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா? லேபில் ரிலே டெஸ்ட் கிட் இருந்தால், அது மாணவர்கள் கைக்கு வருமா, கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்குமா? இரண்டாவதற்கு "பூட்டித்தான் இருக்கும்" என்று பதில் வந்தால் எனக்குப் போன் செய் என்று சொல்லி, மாலை ரயிலுக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.