ஃபார்ம் 29, 30 நீட்டினால் அது புது வண்டி இல்லை

2025 நவம்பரில், பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் ஒரு லட்ச ரூபாய் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்து ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. சேலத்தில் எலெக்ட்ரிக் எஸ்யூவி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் டோக்கன் போடுங்கள்.

வீடு அழகாபுரத்தில். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காபியும் மிளகும் இருக்கிறது. வாரம் ஒரு தடவையாவது அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டும். பழைய டீசல் வண்டி இருமத் தொடங்கியதால், எடுப்பதே எடுக்கிறோம், கரன்ட் வண்டியாக எடுப்போம் என்று கிளம்பினேன்.

பார்த்தது இரண்டு. மஹிந்திரா எக்ஸ்இவி 9இ, டாடா ஹாரியர் இவி. மேல்நிலை மாடல்கள் இரண்டுமே முப்பது லட்சத்தை ஒட்டி நிற்கும். மஹிந்திராவில் 79 யூனிட் பேட்டரி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும், சார்ஜ் சீக்கிரம் ஏறும். ஹாரியரில் 75 யூனிட், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல் உண்டு. ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு சார்ஜில் 600 கிலோமீட்டருக்கு மேல் என்று இரண்டு பேருமே சொல்வார்கள். அது சோதனைக் கணக்கு, மலைக்குச் செல்லாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். இரண்டு டன்னுக்கு மேலான வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏழு யூனிட் கரன்ட் போய்விடும், ரோட்டில் ஓடும் செலவு தனி. இறங்கும்போது ஒரு பங்கு திரும்பி வரும். ஆனால் மேலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கினால் வருகிற கரன்டை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, வேலை முழுக்க பிரேக் மிதிக்கு வந்துவிடும். இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தவன்தான் கடைசியில் ஒரு தகர ஷெட்டில் கோட்டை விட்டேன்.

மலைக்கு ஹாரியர், பெங்களூர் ஹைவேக்கு மஹிந்திரா. இப்படியே ஒரு மாதம் ஓடியது. அதா இதா என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பியதில், மச்சினனின் சிநேகிதர் ஒருவர், "கன்சல்டிங்ல ஒரு வண்டி நிக்குது, சும்மா போய்ப் பாருங்க" என்றார். அங்கே தகர ஷெட்டில் நின்றது மேலே சொன்ன இரண்டில் ஒன்று. எது என்பது இங்கே முக்கியமில்லை, வண்டி மேல் ஒரு குற்றமும் கிடையாது.

"அண்ணா, பெங்களூர் ஷோரூம் டெமோ வண்டிங்க. ரெஜிஸ்ட்ரேஷனே ஆகல. நீங்கதான் மொத ஓனர்" என்றார் கன்சல்டிங்காரர். 3,200 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை ஷோரூமைவிட நான்கு லட்சம் கம்மி. எது எடுப்பது என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்த கேள்விக்கு அந்த நான்கு லட்சமே பதிலாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். தமிழ்நாட்டில் கரன்ட் வண்டிக்கு அப்போது 2025 டிசம்பர் 31 வரைதான் சாலை வரி விலக்கு அறிவித்திருந்தார்கள். அதை எடுத்து விட்டார்: "ஜனவரி ஆனா டாக்ஸ் விழும்ணா. பாண்டிச்சேரி பார்ட்டி ஒருத்தர் நாளைக்கு வர்றாரு. டோக்கன் மட்டும் போட்டு வைங்க." ஜிபேயில் ஒரு லட்சம் போட்டேன். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் 'டோக்கன் 1 லட்சம் பெற்றேன்' என்று எழுதிக் கொடுத்தார். என்ன வண்டி, என்ன சேஸிஸ் நம்பர், ஒன்றும் அதில் இல்லை. நானும் அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்!

மூன்று நாள் கழித்து ஒரு பையன் வீட்டுக்கே பேப்பர் கொண்டுவந்தான். "பென்சில்ல டிக் பண்ண எடத்துல கையெழுத்து மட்டும் போதும் சார்." நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆனவர். தலைப்பைப் படிக்காமல் மளிகைக் கடை பில்லைக்கூடக் கீழே வைக்க மாட்டார். "இது ஃபார்ம் 29, இது 30. இது ரெண்டும் பேர் மாத்துறதுக்கு. பதிவே ஆகாத வண்டிக்கு யார் பேரை மாத்துறாங்க?" என்றார். அடியில் ஃபார்ம் 28 வேறு இருந்தது. வெளிமாநிலத்து வண்டிக்கு அங்கே வாங்கும் தடையில்லாச் சான்று அது. புது வண்டி என்றால் பதிவு விண்ணப்பம் ஃபார்ம் 20, விற்பனைச் சான்று 21, கம்பெனி கொடுக்கும் தகுதிச் சான்று 22. இந்த மூன்றில் ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை.

அன்று சாயங்காலமே மச்சினனைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். முன் கண்ணாடியின் உள்பக்கம் இடது மூலையில் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு இருந்தது. பதிவான வண்டிக்கு நம்பர் பிளேட்டோடு சேர்த்து ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர். பம்பரில் பிளேட் மாட்டும் இடத்தில் உடைத்தெடுத்த லாக்கின் துண்டு ஒன்று அப்படியே இருந்தது. அந்த லாக்கை உடைக்காமல் கழற்ற முடியாது. முதல் நாள் இந்த வண்டியை நான் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதெல்லாம் பெரிய ஸ்கிரீனும் கண்ணாடிக் கூரையும்தான்.

இன்ஷூரன்ஸ் காப்பி கேட்டு, அதிலிருந்த நம்பரை, வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டோம். கர்நாடகப் பதிவு. ஏழு மாதத்துக்கு முன்பே தனிநபர் ஒருவர் பெயரில். டெமோ வண்டி என்பதும் பொய்.

ஏழு மாத வண்டி, நான்கு லட்சம் கம்மி, எடுத்தால்தான் என்ன என்று சிலர் கேட்டார்கள். டீசல் வண்டியென்றால் நானும் எடுத்திருப்பேன். இந்த இரண்டு கம்பெனிகளும் பேட்டரிக்குக் கொடுக்கும் ஆயுட்கால வாரன்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். கை மாறிய உடனே அந்த ஆயுட்காலம் முடிந்தது. விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது. அதோடு, சுவரில் மாட்டும் சார்ஜரும் உண்டு என்றுதான் பேச்சு. டிக்கியைத் திறந்தால் 15 ஆம்ப் பிளக்கில் செருகும் கேபிள் மட்டும் கிடந்தது. பெரிய சார்ஜர் பெங்களூரில் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டோக்கன் ரிட்டன் கிடையாதுங்கணா. டெமோன்னு சொன்னதா எங்க எழுதியிருக்கு?" என்றார். கார்டில் இல்லைதான். ஆனால் டோக்கன் போடுவதற்கு முந்தின நாள் ராத்திரி அவரே வாட்ஸ்அப்பில் வண்டிப் படத்தோடு 'அன்ரெஜிஸ்டர்டு பீஸ்ணா' என்று அனுப்பியிருந்தார். என் கையில் இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி அதுதான். அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பேசிப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லை. இப்போது இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

வண்டி இன்னும் எடுக்கவில்லை. டீசலேதான் இருமிக்கொண்டு மலை ஏறுகிறது.

அந்த வண்டியும் விற்கவில்லை போலிருக்கிறது. வேறொருவருக்கு அவர் அனுப்பிய படம் சுற்றிச் சுற்றி நேற்று எனக்கே வந்து சேர்ந்தது. அதே 'அன்ரெஜிஸ்டர்டு', அதே 'மொத ஓனர்'. கண்ணாடியில் ஸ்டிக்கர் சுரண்டிய இடத்தில் மட்டும் இப்போது ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருக்கிறது.