5 மீட்டர் விஜிஏ கேபிள் ரிவியூ: ரெசல்யூஷன் வரலன்னு லினக்ஸத் திட்டுறதுக்கு முன்னாடி கேபிளப் பாருங்க

வாங்குன பொருள் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இணைக்கிற ஒரு சாதாரண விஜிஏ கேபிள், 5 மீட்டர் நீளம், ரெண்டு முனையும் ஆண் பின் (பின் வெளிய நீட்டிட்டு நிக்குறது), ரெண்டு முனைக்கும் பக்கத்துல கறுப்பு உருண்டையா ஃபெரைட், அதாவது மின் இரைச்சலத் தடுக்குற காந்தக் கட்டி இருக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 420 ரூபா குடுத்து வாங்குனேன். கேபிள் மேல பிராண்ட் பேர்னு ஒண்ணும் அச்சடிக்கல, அதனால பேர் சொல்லி வாங்கச் சொல்ல முடியாது, ஆனா எப்படி செக் பண்ணி வாங்கணும்னு சொல்ல முடியும், இந்த ரிவியூவே அதுக்குத்தான். ஒரு கேபிளுக்கு இவ்ளோ பெரிய ரிவியூவான்னு நினைக்காதீங்க, இது இல்லாம மூணு நாள் வீட்ல நடந்தத கேட்டா உங்களுக்கே புரியும்.

அப்பாவோட கம்ப்யூட்டர் பழைய ஐ3 புராசஸர், எச்61 மதர்போர்டு, பின்னாடி விஜிஏ போர்ட் மட்டும்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11 அந்த மெஷின்ல ஏறாது, மெஷினோ இன்னும் கல்லு மாதிரி ஓடுது, தூக்கிப் போட மனசே வரல. அதனால விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்குற லினக்ஸ் மின்ட் 22 சினமன் போட்டுக் குடுத்தேன், அதுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். அதே நாள்ல அப்பா "சிபியு கால்ல இடிக்குதுடா, அந்த மூலைல தள்ளி வை"ன்னு சொன்னாரு, மானிட்டரோட வந்த ஒன்றரை மீட்டர் கேபிள் எட்டல, தெருமுனைக் கடைல 180 ரூபாக்கு ஒரு 5 மீட்டர் கேபிள் வாங்கி மாட்டுனேன். ஒரே நாள்ல ரெண்டு விஷயத்த மாத்திட்டேன் பாருங்க, குழப்பம் எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது.

கேபிள மாட்டி ஆன் பண்ணதும் எல்லாமே பெருசு பெருசா வந்துச்சு. மானிட்டர் 22 இன்ச், ரெசல்யூஷன் 1920×1080, அதாவது அகலத்துக்கு 1920 புள்ளி, உயரத்துக்கு 1080. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் பாத்தா 1024×768தான் மேல்மட்டம், அதுக்குக் கீழ 800×600, 640×480, அவ்ளோதான், லிஸ்ட் முடிஞ்சுது. நாலுக்கு மூணு அளவுல வர்ற படத்த பதினாறுக்கு ஒன்பது ஸ்கிரீன்ல இழுத்துக் காட்டுனா என்ன ஆகும், வட்டமா இருக்க வேண்டிய கடிகாரம் முட்டை மாதிரி ஆச்சு, பேப்பர்ல வர்ற ஃபோட்டோல எல்லாரும் குண்டாத் தெரிஞ்சாங்க, 'ழ' பக்கவாட்டுல இழுத்து சப்பையாக் கிடந்துச்சு. அப்பா நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் கணக்க எக்செல் மாதிரியான லிப்ரே ஆபிஸ் கால்க்லதான் எழுதுவாரு, முன்னாடி வருஷத்தோட 12 மாசமும் ஒரே பார்வைல தெரியும், இப்ப ஜூன் தாண்டவே ஸ்க்ரோல் பண்ண வேண்டியதாப் போச்சு. "விண்டோஸ்லயே நல்லாத்தானேடா இருந்துச்சு, இத ஏன் மாத்துன"ன்னு கேட்டாரு, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல.

ஃபோன் போட்டு கேட்டவங்க எல்லாரும் சொன்னது "டிரைவர் போடு". இன்டெல் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கு தனியா டிரைவர் டவுன்லோடு பண்றதுன்னு ஒண்ணு லினக்ஸ்ல கிடையாதுங்க, அது லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்லயே இருக்கு, டிரைவர் மேனேஜரத் திறந்தா காலியாத்தான் இருக்கும். இன்னொருத்தர் நோமோட்செட்னு கிராஃபிக்ஸ் டிரைவர நிறுத்தி வைக்குற ஒரு பூட் வார்த்தை இருக்கான்னு பாருன்னார், அது சரியான யோசனை, ஏன்னா இன்ஸ்டால் பண்றப்போ கம்பேட்டிபிலிட்டி மோடுல பூட் பண்ணியிருந்தா அந்த வார்த்தை சில சமயம் கிரப் (லினக்ஸ பூட் பண்ற புரோகிராம்) செட்டிங்ல ஒட்டிக்கிட்டு நின்னுடும், அப்புறம் கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையே செய்யாது. எனக்கு அது இல்ல. டெர்மினல்ல எக்ஸ்ராண்டர்னு (ஸ்கிரீன் ரெசல்யூஷனப் பாக்கவும் மாத்தவும் உள்ள கமாண்ட்) அடிச்சா அவுட்புட் பேரு விஜிஏ-1னு ஒழுங்கா வந்துச்சு, அப்போ டிரைவர் நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்த இடத்துல டிஃபால்ட்னோ வேற மாதிரியோ வந்திருந்தாதான் டிரைவர் பக்கம் போய்த் தேடணும்.

அடுத்து பாத்ததுதான் முக்கியம். சிஸ் ஃபோல்டருக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள டிஆர்எம், அதுக்குள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், நம்ம விஜிஏ ஃபோல்டர்ல இடிஐடின்னு ஒரு ஃபைல் இருக்கும். மானிட்டர் தன்னோட பேரு, கம்பெனி, தாங்குற ரெசல்யூஷன் எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதி கம்ப்யூட்டருக்கு அனுப்புற மாதிரி, அந்தச் சீட்டுதான் இது. மொத்தமே 128 பைட். 1994லேர்ந்து இந்த முறை இருக்கு. அந்த ஃபைல்ல எத்தனை பைட் இருக்குன்னு எண்ணிப் பாத்தேன், பூஜ்யம். மானிட்டர் அனுப்புன சீட்டு கம்ப்யூட்டருக்கு வந்தே சேரல. சீட்டு வரலன்னா லினக்ஸ் கர்னல் மானிட்டருக்கு எந்த ஆபத்தும் வராத மாதிரி 1024×768க்கு மேல எதையும் லிஸ்ட்ல சேர்க்காது, அது கர்னல்லயே எழுதி வச்ச விதி. இதே நிலைமைல விண்டோஸ் 'ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்'னு ஒரு பேர போட்டுட்டு டிரைவர் தாங்குற பெரிய சைஸ் எல்லாத்தையும் லிஸ்ட்ல காட்டிடும், நாமளா ஒண்ண எடுத்துக்குவோம், அதனாலதான் நிறைய பேருக்கு விண்டோஸ்ல வந்துச்சு லினக்ஸ்ல வரலன்னு தோணுது. லினக்ஸ் தெரியாத விஷயத்துல ஜாக்கிரதையா இருந்துச்சு, அத போய் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கேபிள் மேல சந்தேகம் வந்தாலும் அன்னைக்கு ராத்திரி கடை இல்ல, அதனால சாஃப்ட்வேர் வழியப் பாத்தேன். சிவிடின்னு ஒரு கமாண்ட், அதுக்கு 1920 1080 60ன்னு குடுத்தா அந்த ரெசல்யூஷனுக்கான டைமிங் நம்பரெல்லாம் இருக்குற ஒரு வரி தரும், அத எக்ஸ்ராண்டர்ல நியூமோடு, ஆட்மோடுன்னு ரெண்டு ஸ்டெப்ல சேர்த்து மூணாவதா அந்த மோட ஆன் பண்ணணும். பண்ணேன், 1920×1080 வந்துச்சு, கடிகாரம் வட்டமாச்சு, ஆனா வலது ஓரம் கொஞ்சம் வெட்டிக்கிச்சு, எழுத்தோட விளிம்பு மசமசன்னு இருந்துச்சு. காரணம் என்னன்னா சிவிடி பழைய டப்பா மானிட்டர் கணக்குல ஓரத்துல நிறைய இடம் விட்டு 173 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (நொடிக்கு எத்தனை புள்ளி அனுப்பணும்ங்கறது) போடுது, இந்த மானிட்டர் எதிர்பாக்குறது 148.5. கணக்கு எளிசுதான், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையும் சேர்த்து அகலத்துக்கு 2200, உயரத்துக்கு 1125, நொடிக்கு 60 தடவை, பெருக்குனா 14 கோடியே 85 லட்சம். அந்த வரிய கையால மாத்தி எழுதினேன்: 148.50, அப்புறம் 1920 2008 2052 2200, அடுத்து 1080 1084 1089 1125, கடைசில எச்சிங்க், விசிங்க் (படத்த அகலத்துலயும் உயரத்துலயும் சரியா உட்கார வைக்குற சிக்னல்) ரெண்டுக்கும் பிளஸ். மானிட்டர்ல ஆட்டோ பட்டன ஒரு அமுக்கு, படம் கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஃபுல் எச்டி மானிட்டர்னா சிவிடி குடுக்குறத விட்டுட்டு இந்த நம்பரையே போட்டுக்கோங்க.

ஆனா ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் போயிடும். ஹோம் ஃபோல்டர்ல எக்ஸ்புரொஃபைல்ங்கற மறைஞ்சிருக்குற ஃபைல்ல அந்த மூணு வரியையும் எழுதி வச்சேன், அப்போ லாகின் பண்ண பிறகு சரியா வரும், லாகின் ஸ்கிரீன் மட்டும் குண்டாவே நிக்கும். அத விட பெரிய தொல்லை அந்த மெல்லிசு கேபிள்ல ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கம் நிழல் மாதிரி ஒரு கோடு, 5 மீட்டர் தூரத்துக்கு உள்ள ஷீல்டு, அதாவது இரைச்சலத் தடுக்குற உறை இல்லாத வயர் தாங்காது. அப்பா ஒண்ணும் சொல்லல, கண்ணாடிய கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் போட்டாரு, அதப் பாத்ததும் காலைலயே ரிச்சி ஸ்ட்ரீட் போயிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அங்க சின்ன கடைதான், நாலு பேர் நின்னா அடைச்சிடும். பழைய கேபிளையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். "அண்ணே, இதுல 12, 15 பின்னுக்கு வயர் இருக்கான்னு பாக்கணும்"னேன், அவர் நிமிர்ந்து பாத்துட்டு "அத கேட்டு வர்றவங்க கம்மி தம்பி"ன்னு சொல்லி மல்டிமீட்டர எடுத்து பீப் மோடுல வச்சாரு. விஜிஏ பின் மூணு வரிசை, வரிசைக்கு அஞ்சு. அகலமான பக்கம் மேல இருக்குற மாதிரி பிடிச்சு நேரா பாத்தா கீழ் வரிசைல இடமிருந்து ரெண்டாவது 12, கடைசி 15. மானிட்டரோட சீட்டு போற பாதை இந்த ரெண்டு வயர்தான். ரெண்டு தலையையும் கவுன்ட்டர் மேல பக்கத்துல வச்சு ஒரு புரோப் இங்க ஒண்ணு அங்கன்னு தொட்டாரு. சிவப்பு, பச்சை, நீலம் போற 1, 2, 3 பீப். சிங்க் போற 13, 14 பீப். 12ல வச்சாரு, சத்தமே இல்ல. 15லயும் இல்ல. பின் வெளிய பளபளன்னு நிக்குது, உள்ள வயரே இழுக்கல! கலர் போகுது படம் போகுது, மானிட்டர் திருப்பிப் பேசுறதுக்கு வழிதான் இல்ல. "9 இல்லன்னா பயப்படாதீங்க, நிறைய கேபிள்ல அந்த எடம் காலியாத்தான் இருக்கும், 12ம் 15ம் இல்லன்னா வாங்காதீங்க"ன்னாரு. அப்புறம் உள்ளேர்ந்து ரெண்டு மூணு கேபிள் எடுத்து ஒவ்வொண்ணா அதே மாதிரி தொட்டுக் காட்டி, எல்லா பின்னும் அடிச்ச இந்த கேபிளக் குடுத்தாரு. சில கேபிளோட தோல் மேல 3+4, 3+6ன்னு போட்டிருக்கும், முதல் 3 கலர் வயர், அடுத்த நம்பர் மத்த வயருங்க, வெறும் 3+2 இருந்தா சிங்க்குக்கே சரியாப் போயிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா எக்ஸ்புரொஃபைல்ல எழுதுன மூணு வரியையும் அழிச்சேன், இத மறந்துடாதீங்க, இல்லன்னா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. ஷட்டவுன் பண்ணி கேபிள மாத்தி ஸ்க்ரூவ டைட் பண்ணி ஆன் பண்ணேன். மின்ட் லோகோ வர்றப்பவே சின்னதா கூர்மையா வந்துச்சு, லாகின் ஸ்கிரீன் முழு சைஸ், நான் ஒரு செட்டிங்கக் கூட தொடல. அந்த இடிஐடி ஃபைல எண்ணிப் பாத்தேன், 128 பைட். திறந்தா முதல்ல 00, அப்புறம் ஆறு தடவை எஃப்எஃப், திரும்ப 00, அதுதான் அந்தச் சீட்டோட முத்திரை. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல மானிட்டர் இப்ப தன்னோட கம்பெனி பேரோட நிக்குது. அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

குறைன்னு பாத்தா கேபிள் ரொம்ப விறைப்பு, மூலைல மடங்க மாட்டேங்குது, மேசைய சுவர்லேர்ந்து நாலு விரக்கடை தள்ளி வைக்க வேண்டியிருந்துச்சு. ஃபெரைட் உருண்டை கனம், தொங்க விட்டா போர்ட்ட இழுக்கும், ஒரு வயர் டேக் போட்டு மேசைக் கால்ல கட்டிடுங்க. ஒரு பக்க ஸ்க்ரூ இறுக்கமா இருந்துச்சு. நிழல் கோடு போயிடுச்சு, ஆனா ஒன்றரை மீட்டர் கேபிளோட கூர்மை இதுல முழுசா இல்ல, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெரியும், விஜிஏ 1987ல வந்த அனலாக் சமாச்சாரம், தூரம் கூடக் கூட கொஞ்சம் மங்கத்தான் செய்யும். உங்க போர்டுல எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ இருந்தா இந்த கேபிள் பக்கமே வராதீங்க, அதுல போங்க. எச்டிஎம்ஐலேர்ந்து விஜிஏ மாத்துற கன்வெர்ட்டர், ஒரே மானிட்டர ரெண்டு கம்ப்யூட்டருக்கு மாத்துற ஸ்விட்ச், இதெல்லாம் வச்சிருக்கீங்கன்னா அதுங்களும் இதே சீட்ட நடுவுல நிறுத்திட வாய்ப்பு இருக்கு, அத கழட்டிட்டு நேரடியா மாட்டிப் பாத்துட்டு அப்புறம் லினக்ஸ நோண்டுங்க. சுவருக்குள்ள கேபிள் போயிடுச்சு மாத்தவே முடியாதுன்னா மட்டும் கர்னல் பூட் வரில வீடியோங்கற ஆப்ஷன்ல போர்ட் பேரும் ரெசல்யூஷனும் குடுக்குறது ஒரு வழி, வேலண்ட்ல (லினக்ஸ் ஸ்கிரீன்ல படம் காட்டுற புது முறை) எக்ஸ்ராண்டர் வழி செல்லாது, அங்க இதுதான் கை குடுக்கும்.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அரை அந்த விறைப்புக்கு. ரெண்டு கேபிளுக்கும் 240 ரூபா வித்தியாசம், அந்தக் காசுக்கு உள்ள ரெண்டு வயரும் ஷீல்டும் கிடைக்குது. பில் போடுறப்போ கடைக்காரர் கிட்ட "நாளைக்கு இடிஐடி வரலன்னா?"ன்னு கேட்டேன், பில்லுக்குப் பின்னாடி 12, 15 அடிக்கலன்னா மாத்தித் தரப்படும்னு பேனாவால எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. நீங்களும் அப்படி எழுதி வாங்கிக்கோங்க. அப்பா நேத்து மார்ச் வரைக்கும் கணக்க முடிச்சுட்டாரு, 12 மாசமும் ஒரே ஸ்கிரீன்ல தெரியுது.