இசைப் பட்டத்துக்குக் கடன் வாங்கப் போகிறீர்களா? நான் ஏமாந்த கணக்கைப் பாருங்கள்

போன மாதம் நான் படித்த இசைக் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு. பழைய மாணவர்களைப் பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம். "இசை மூலமா ஏதாவது வருமானம் வருதா சார்?" என்று கேட்டார் பேசிய பெண். சனி, ஞாயிறுகளில் இரண்டு பிள்ளைகளுக்கு கிடார் சொல்லிக்கொடுக்கிறேன், மற்றபடி ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன் என்றேன். "சரி சார், இசைத்துறையில வேலைன்னு போட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் சேர்ந்த வருடத்துக் கையேட்டில் 'பத்தில் ஒன்பது பேர் இசைத்துறையில்' என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பித்தான் அப்பா கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

கல்லூரியின் பெயரைப் போட மாட்டேன். வம்பு, வழக்கெல்லாம் எனக்குத் தாங்காது.

நாலு வருடப் படிப்பு, முழுக்கக் கடன். படிக்கும்போது தவணை இல்லை, முடித்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்றபோது பெரிய சலுகை என்று நினைத்தேன். வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மொத்தக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 வீதம் எடுத்தால், 10% கூட்டு வட்டியில், படிப்பு முடியும் நாளில் கடன் 127-ஐத் தாண்டியிருக்கும். முதல் தவணை கட்டும்போது 140. அந்த நாலு வருடம் வேறு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் தனி. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தனைக்கும் இப்போது பிழைப்பே கணக்கு எழுதித்தான்!

சரி, அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? என்னைப் பொறுத்தவரை இசைப் படிப்பில் காசுக்குத் தகுந்த சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியர் எதிரில் தனியாக உட்கார்ந்து வாசித்து, தப்பைத் திருத்திக்கொள்ளும் நேரம். வாரம் ஒரு மணி நேரம் என்றார்கள். முதல் வருடம் அப்படியே நடந்தது. இரண்டாம் வருடம் நாற்பது நிமிடமானது. மூன்றாம் வருடம் நாலு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, 'குழுப் பயிற்சி' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கட்டணம் மட்டும் இறங்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று பிறகு படித்தேன். ஒரு நால்வர் குழு வாசிக்க இருநூறு வருடங்களுக்கு முன்பு எத்தனை பேர், எவ்வளவு நேரம் வேண்டுமோ, இன்றும் அதே ஆட்கள், அதே நேரம். மற்ற தொழில்கள் வேகமெடுத்துச் சம்பளம் கூடக் கூட, கலைக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று வில்லியம் பவுமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே எழுதிவிட்டார்கள். தனிப்பாடமும் அப்படித்தான். எனவே செலவைக் குறைக்க நினைக்கிற கல்லூரி முதலில் கை வைப்பது அதில்தான். மொத்தக் கட்டணத்தை எனக்கு உண்மையில் கிடைத்த தனிப்பாட மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தேன். அதே ஆசிரியர் தன் வீட்டில் வாங்குவதைப் போல ஏழு மடங்கு.

ஆனால் என்னை உண்மையில் கவிழ்த்தது வேறு. "எதுவும் அமையலைன்னா பள்ளி இசை ஆசிரியர் வேலை இருக்கவே இருக்கு" என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். முடித்த பிறகு விண்ணப்பித்தால், கற்பித்தல் பயிற்சிச் சான்று தனியாக வேண்டும், என் பட்டத்தில் அது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சான்றிதழைக் கேட்ட வேலை அது ஒன்றுதான். மேடையிலும் ஒலிப்பதிவிலும் யாரும் என் பட்டத்தைக் கேட்டதில்லை. 'வாசி, பார்க்கலாம்' என்பார்கள், அவ்வளவுதான். சொந்தப் பாட்டுகளை இணையத்தில் ஏற்றியும் பார்த்தேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. என் பாட்டுகளில் ஒன்று மட்டும் அதைத் தாண்டியது.

படிப்பு மொத்தமும் வீண் என்று சொல்ல மாட்டேன். காது தேறியது. எப்போதாவது வாசிக்கக் கூப்பிடுவதும் கூடப் படித்தவர்கள்தான். ஆனால் நான் கடன் வாங்கியது காது தேறுவதற்கு இல்லையே.

இந்த வருடம் என் அக்கா மகள் அதே கல்லூரியில் சேர வேண்டும் என்று நிற்கிறாள். நான் தடுக்கவில்லை. அவளையே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். கணக்கெடுப்பில் மொத்தம் எத்தனை பேர், பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், அதில் முழு நேரமும் இசையிலேயே சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர்? நாலு வருடமும் தனிப்பாடம் எத்தனை மணி நேரம், அது ஒப்பந்தத்தில் இருக்குமா? இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா?

நேற்று பதில் வந்தது. "மாமா, இதைப் பாருங்க" என்று எனக்கே அனுப்பினாள். கேள்விகளுக்கு ஒரு வரி பதில்கூட இல்லை, இந்த வருடக் கையேட்டை இணைத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அதே பத்தில் ஒன்பது பேர்.